சாய்ந்துபோன சேற்றுக் குழாய்

ட்ரோம்சோ
அக்டோபர் 19

அன்பு மகள் சுன்னிவாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் அங்கே வால்பரைசோவில் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கார் சக்கரங்களைத் தானே மாற்றுகிறேன் என்று குனிந்த அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சொன்னால் கேட்டால்தானே. நீ கேட்ட மஞ்சள் பெர்ரி ஜாம் பார்சலில் வருகிறது.

போன ஞாயிறு போனில் உன் ஞானத்தகப்பன் கோரேயின் கையைப் பற்றிக் கேட்டாய். கப்பலில் சின்ன விபத்து என்று பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையில் நடந்தது இதுதான். செப்டம்பரில் ஸ்வால்பார் தீவுகளின் கிழக்கே, பனியாறு கடலில் இறங்கும் ஒரு விரிகுடாவில் நீளக் குழாயைக் கம்பியில் இறக்கிக் கடலடிச் சேறு எடுத்துக்கொண்டிருந்தோம். என் வேலை உனக்குத் தெரியும். வானத்திலிருந்து விழும் கதிரியக்க ஈயம் சேற்றோடு சேர்ந்து அடியில் படிகிறது, இருபத்திரண்டு வருடத்தில் பாதியாகக் குறைகிறது, அதை அளந்தால் எந்த அடுக்கு எந்த வருடம் படிந்தது என்று சொல்லிவிடலாம். பனியாறு வேகமாக உருகும் இந்த முப்பது வருடக் கணக்கு மேல் சேற்றில்தான் இருக்கிறது. அது கூழ் மாதிரி, குழாய் சாய்ந்தால் கலங்கிப்போகும். கடைசிக் குழாய் அடியில் இருக்கும்போது காற்று திசை மாறி, மிதக்கும் பனிக்கட்டிகள் விரிகுடா வாய்க்குள் வர ஆரம்பித்தன. கேப்டன் ஒட்முண்ட், கம்பியை அறுத்துவிட்டுப் போகலாம், மாட்டிக்கிட்டா வசந்தம் வரைக்கும் இங்கதான் என்றார். நான் பத்து நிமிடம் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து, பத்துன்னா பத்து, பதினொண்ணு இல்ல தூரிட் என்றார். கோரே கம்பியை இழுக்கும் விஞ்சை இயக்கினான். கம்பி கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது, எனக்குக் கடிகாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குழாய் தண்ணீருக்கு மேலே வந்த நேரத்தில் ஒரு பனிக்கட்டி கப்பலின் பக்கவாட்டில் மோதியது. குழாய் ஊசலாடியது. பிடி, சாய விடாதே என்று கத்தினது நான்தான். அவன் பாய்ந்து பிடித்தான், கை குழாயின் இரும்புச் சட்டத்துக்கும் தளத்தின் கம்பித் தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஹெலிகாப்டரில் ஏற்றும்போதுகூட, சேறு பத்திரமா என்றுதான் கேட்டான். பத்திரம் என்றேன். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு அடுக்கையும் ஒரு நாள் முழுக்க அளந்தேன். மேலே பத்து சென்டிமீட்டருக்கு ஈயம் ஒரே அளவு. குறையவே இல்லை. அடியில் கிடந்தபோது புழுக்கள் கலக்கியதாக எழுதித் தப்பித்திருக்கலாம், ஆனால் அதே விரிகுடாவில் முதல் நாள் எடுத்த குழாயில் அப்படி இல்லை. அந்த ஒரு மோதலில் குழாய் சாய்ந்து எல்லாம் கலந்துவிட்டது. கீழே இருப்பது சரிதான், ஆனால் அது எனக்கு வேண்டிய வருடங்கள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போய்க் கோரேயிடம் சொன்னேன். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி அஸ்லாவ்க் எழுந்து, எங்க வீட்டு மேசையில இருபது வருஷமா சாப்பிட்டவ நீ, என் புருஷன் கைய சேத்துக்குக் குடுத்துட்டு இப்ப அந்தச் சேறும் உதவாதுங்கிற, கெளம்பு என்றாள். கிளம்பினேன். லிஃப்ட் வரை கோரே பின்னாலேயே வந்தான். அறிக்கையில என்ன எழுதப் போற, என் கை வழுக்கிடுச்சுன்னா என்று கேட்டான். கேப்டன் போகச் சொன்ன பிறகும் நான் கப்பலை நிறுத்திவைத்து அவசரப்படுத்தினேன், அதனால் ஆள் காயம், மாதிரி கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அடுத்த வருடப் பயணத்தை உன்னிடம் தர மாட்டார்களே என்றான். தர மாட்டார்கள் என்றேன். அவன், தப்பு உன்னுதுன்னு நீ கப்பல்லயே சொல்லியிருக்கணும்டி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் கோபமாகச் சொன்னானா, மன்னித்துச் சொன்னானா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நீ நன்றாயிரு கண்ணே, வேலையில் யார் அவசரப்படுத்தினாலும் ஒரு மூச்சு நிதானி. கடவுள் உன்னோடு இருக்கட்டும். கோரேக்குப் போன் பண்ணு, முதலில் அஸ்லாவ்க்கிடம் பேசு. அவள் என்னைத் திட்டினால் மறுத்துப் பேசாதே, கேட்டுக்கொள்.

உன் அம்மா
தூரிட்