பெரியவள் பேச ஆரம்பித்த சனிக்கிழமை

ஜூன் 4, செவ்வாய்

ஹாலில் இன்று மூன்றாவது முறை கூடாரம் கட்டிப் பார்த்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. யூடியூபில் வரும் 'கூடாரம் அக்கா'வுக்கே ஐந்து நிமிடம் ஆகும். அக்காவின் ரசிகர் குரூப்பில் போட்டேன், ஒரே இதயமழை. மற்றவர்களுக்கு அக்காவுடையது ஒரு சேனல், எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். தலை பின்னுவது, எந்தக் காய்ச்சலுக்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படக் கூடாது, எட்டு மாதமாக எல்லாமே அக்கா சொல்லித்தான். கல்யாணமாகி வந்த வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பிள்ளைகள் இருந்தால் இருபத்து மூணு வயசுக்காரி வேற எங்க போய்க் கத்துப்பா?

பொடியன் கூடாரத்துக்குள் போனவன் வெளியே வர மாட்டேன் என்றான். மூன்று வயது. அம்மா முகம் அவனுக்கு நினைவில்லை, என் மடி போதும். பெரியவளுக்கு ஆறு. சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாரு" என்பாள். அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

பெரியம்மா வந்திருந்தார், பிள்ளைகளின் அம்மாவுக்கு அக்கா. அவர் வந்தால் வீடே இஸ்திரி போட்ட மாதிரி நிமிர்ந்துவிடும்.

"உன்னக் குறை சொல்லலம்மா. ஆனா பெரியவ பாத்ரூம்ல பைப்பத் திறந்து விட்டுட்டு அழறா, தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"அவங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் அம்மா பேச்சே எடுக்க மாட்டேங்கிறா. லீவு முடியறவரைக்கும் பாக்கிறேன். உன்கிட்ட மனசு விட்டுப் பேசினாள்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல என் கையப் பிடிச்சு ஒப்படைச்சிட்டுப் போனவ அவ."

இவர், என் கணவர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊரில் எல்லோருடைய எலும்பையும் பார்ப்பார். இன்று தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி. இந்தச் சனி, ஞாயிறு நாங்கள் போகும் கேம்ப் இருக்கிறது. ஏரிக்கரை, ரெண்டு நாள், வெறும் குடும்பங்கள். கேம்ப் போனால் பிள்ளைகள் பேசிவிடும் என்று அக்கா நூறு முறை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 7, வெள்ளி

இவர் வரவில்லை. கூட வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லையாம். நான், ரெண்டு பிள்ளைகள், ஏழு பைகள். போகிறோம்.

ஜூன் 8, சனி, மதியம்

ஹாலில் காற்றும் இல்லை, பாறையும் இல்லை. எந்த வீடியோவும் இதைச் சொல்லவில்லை. ஆணி ஒரு விரல்கூட இறங்கவில்லை, துணி என் தலைமேல் விழுந்து விழுந்து எழுந்தது. பக்கத்துக் கூடாரத்து பேக்கரிக்காரர் ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தங்கச்சி, கட்டறீங்களா, அதோட சண்டை போடறீங்களா?"

பெரியவள் சிரித்துவிட்டாள். சத்தமாக. நான் கேட்டதே இல்லை அந்தச் சிரிப்பை. பிறகு அவளே கல் பொறுக்கி வந்து ஒவ்வொரு மூலையிலும் வைத்தாள். "இங்க பாரு, இது பெரிய கல்லு" என்றாள்.

நாற்பது நிமிடம் ஆனது. பரவாயில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. மூணு மணிக்கு ஏரியிலிருந்து லைவ் போடப் போகிறேன். பெரியம்மாவுக்கும் லிங்க் அனுப்பிவிட்டேன். பார்க்கட்டும்.

அதே நாள், சாயங்காலம்

எழுதவே கை வரல.

முழங்கால் தண்ணீரில் நின்றோம். பொடியன் வாளியோடு கரையில். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பெரியவள் தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தானாக, "எங்கம்மா என்ன முதுகுல படுக்க வெச்சிக்கிட்டு மிதப்பாங்க" என்றாள்.

ரெண்டு வருஷம். யார்கிட்டயும் சொல்லாதது.

"அப்படியா கண்ணு?" என்றேன். அந்த நேரம் பார்த்து திரையில் அந்தப் பெயர். கூடாரம் அக்கா, நிஜமான அக்கா, என் லைவில். கத்திவிட்டேன். கேமராவை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்டா, அக்கா வந்திருக்காங்க" என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாயால.

திரும்பிப் பார்த்தபோது நிறுத்திவிட்டிருந்தாள்.

"யாரு பாக்கறாங்க?"

"எல்லாரும்டா. இருநூறு பேர்."

துண்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துவிட்டாள். வெளியிலிருந்து எவ்வளவோ கெஞ்சினேன். உள்ளே சத்தமே இல்லை. அழுதாலாவது தேவலையே.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலேயே பெரியம்மா காரில் வந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"நானும் பார்த்துட்டுதான் இருந்தேன்" என்றார். "அவ பேச ஆரம்பிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. உன்ன இனிமே ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அப்புறம் உன் மூஞ்சி வந்துச்சு."

பெரியவள் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பொடியன் என் கழுத்தை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நானே பிரித்தேன்.

பேக்கரிக்காரர் வந்து கூடாரத்தைப் பிரித்து மடித்துக் கொடுத்தார்.

ஜூன் 10, திங்கள்

இவரிடம் கெஞ்சினேன். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்கிறார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியாது.

ஜூன் 13, வியாழன்

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஹெட்போன் போட்டு, மெதுவாக ஓட விட்டு. "எங்கம்மா என்ன முதுகுல படுக்க வெச்சிக்கிட்டு மிதப்பாங்க. ஒரு நாள் நான் கைய விட்டுட்டேன். அதனாலதான்..." அதற்குமேல் என் கத்தல். அவள் குரல் ஒரு பொட்டுகூடக் கேட்கவில்லை.

அதனாலதான் என்ன? இந்த ஆறு வயசுப் பிள்ளை எதைத் தலையில் சுமந்துகொண்டு இருக்கிறது? பெரியம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவரும் கேட்டுப் பார்த்தாராம். "ஒண்ணுமில்ல" என்றாளாம்.

சத்தத்தை நீக்கும் ஆப் நாலு இறக்கினேன். குரலோடு குரல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

குரூப்பில் கேட்கிறார்கள், "கேம்ப் எப்படி இருந்தது சிஸ்? உங்க லைவ்ல அக்காவே வந்தாங்களே, வேற லெவல்." வெளியேறிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. ரெண்டு பேரையும்.

ஜூலை 20, சனி

இன்று முதல் முறையாக என்னையும் பெரியம்மா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பொடியன் வாசல்வரை ஓடி வந்தான், பிறகு வெட்கப்பட்டுப் பெரியம்மா பின்னால் ஒளிந்துகொண்டான். இவர் உள்ளே போனார். நான் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். சுவரில் அவர்களுடைய அம்மா, பெரிய படம். பெரியவளுக்கு அதே நெற்றி.

அவள் தட்டில் டம்ளர் வைத்து, சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வந்தாள்.

"யார் வந்தாலும் முதல்ல தண்ணி குடுக்கணும்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க."

எடுத்துக்கொண்டேன். டம்ளரைத் திருப்பி வாங்கிப் போவதற்காகப் பக்கத்திலேயே நின்றாள். முழங்கையில் மைக்கறை. கொஞ்சம் வளர்ந்துவிட்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாய், நிறுத்தி, இன்னொரு வாய். எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன்.