பேர்ணடெற்றிடம் நான் சொன்ன பொய்

மல்வேர்ன்,
கார்த்திகை 16

அன்பு மகள் நிருஜாவுக்கு அம்மா எழுதுவது. எட்மன்டன் குளிரிலும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தம்பி யசிந்தன் கார் ஓடும் சோதனையில் இரண்டாம் தரமும் தவறிவிட்டான், கேட்டால் சோதனை வைத்தவரில்தான் பிழையாம். ஞாயிறுதோறும் ரெலிபோனில் கதைக்கிறோம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டவுடன் சாப்பிட்டாயா, என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டுச் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தையல் பக்டரியைப் பூட்டிய பிறகு, சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் படிப்புக்கு நான் கொலிஜில் சேர்ந்தது உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாதது, மூன்று கிழமையாக ஒரு பேர்கர் கடைக் குசினியில் வேலை செய்கிறேன். வகுப்பில்லாத நாட்களில் பஸ்ஸில் போய் வருகிறேன். முதல் நாள் ஜூலி என்று இருபது வயதுப் பிள்ளை, அவள்தான் அங்கே பொறுப்பு, தொப்பியும் ஏப்ரனும் தந்து அடுப்படியில் விட்டாள். மத்தியானம் ஓடர்கள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ எனக்குக் கை ஓடவில்லை, தக்காளி வைக்க மறந்து நாலு பேர்கர் திரும்பி வந்தது, எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்பளம். ஐம்பத்து மூன்று வயதில் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். அப்போதுதான் உன் கை நினைவுக்கு வந்தது. நீ கொலிஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது கோழிப்பொரியல் கடைக் குசினியில் நின்றுவிட்டு வருவாய், கையெல்லாம் கறுத்த தழும்பு. மருந்து போட்டாயா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீளக் கைச் சட்டை போடு, சனம் பார்க்கும் என்றுதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். பக்டரியில் என்னோடு புதிதாகச் சேர்ந்திருந்த பேர்ணடெற் என்ற தமிழ்ப் பெண், சாமான் வாங்கிவிட்டு வரும்போது பசிக்கிறது என்று நீ வேலை செய்த கடைக்குள்ளேயே என்னைக் கூட்டிப்போனார். என் மகள் லைப்ரரியில் வேலை செய்கிறாள் என்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். நீ மாப் படிந்த கையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, அம்மா என்று கூப்பிட்டாய். உன் முகத்தில் என்ன சந்தோசம். பேர்ணடெற் என்னைப் பார்த்து, ஆர் உந்தப் பிள்ளை என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஆரோ தமிழ்ப் பிள்ளை, பழக்கத்தில கூப்பிடுது என்று சொன்னேன். உனக்குக் கேட்டது. நீ சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்து, வேற்று ஆட்களுக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாய். அன்று வீட்டுக்கு வந்தும் ஒரு சொல் கேட்கவில்லை, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாய். படிப்பு முடிந்த கையோடு எட்மன்டனுக்குப் போனாய். இங்கே இல்லாத வேலையா அங்கே என்று அப்பா கேட்கும்போதெல்லாம் நான் எழும்பிப் போய்விடுவேன்.

போன செவ்வாய் பேர்ணடெற் நான் நிற்கும் கடைக்கு வந்தார். ஒளிக்க மனம் வரவில்லை, தொப்பியோடேயே வெளியே போனேன். இடைவேளையில் அவரோடு இருந்து, அன்று கூப்பிட்டது என் மகள்தான் என்று சொன்னேன். அவர், எனக்கு அண்டைக்கே தெரியும், குணவதி, உம்மட முகம் அப்பிடியே அந்தப் பிள்ளையிட்ட இருந்தது, நீர் வெக்கப்படுவீர் எண்டுதான் கேக்கேல்லை, சாப்பாடு வைக்கேக்க அதின்ர கை நடுங்கினது என்றார். நான் உன் கையைப் பார்க்கவேயில்லை பிள்ளை. யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், பெற்றவள் பார்க்கவில்லை.

நீ செய்த வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என்னில்தான் இருந்தது. இதற்கு நீ பதில் எழுதவேண்டும் என்றில்லை, ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுக்கும்போது இதைப்பற்றிக் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் மார்கழி லீவுக்கு வந்தாயென்றால் பேர்ணடெற் வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போய், இவள் என் மகள் என்று என் வாயால் சொல்ல விருப்பம். உனக்கு மனமிருந்தால் மட்டும்.

பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். நல்லாயிரு. பனி கொட்ட முதல் காருக்குக் குளிர்கால ரயர் மாற்று, பிந்தாதே.

உன் அம்மா
குணவதி