சாவடிக்கு எந்தக் காலம்?

மரக்காணம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மேரிசெல்விக்கு,

அம்மா லூர்துமேரி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். ஹைதராபாத் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் கேட்டால் "வேலை இருக்குதும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பருவம் தப்பிப் பெய்த மழையில் உப்புப் பாத்தியெல்லாம் கரைந்துவிட்டது. அப்பா முட்டி வலியோடு மறுபடி பாத்தி மிதிக்கப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை.

உப்பளத்துப் பாதையில் இருந்த பழைய சாவடியை வெள்ளிக்கிழமை இடித்துவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் பதிவில் அது ஆங்கிலேயர் காலம் என்று இருக்கிறது, அவ்வளவு பழசில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பாண்டிச்சேரி ஆபீசில் நீ பழைய கட்டடங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, சோழர் காலம் என்று போடச் சொல்லி ஊரே உன்னைக் கேட்டது. அது முடியாவிட்டால் இடைக்காலம் என்றாவது போடு என்றார் அப்பா. "ராஜா பேரு இல்லாத கட்டடத்த எவன் காப்பாத்துவான்?" என்றார். செங்கல்லையும் சுண்ணாம்பையும் காட்டி, இல்லாத காலத்தை எழுதமாட்டேன் என்று சொல்லி, ஆங்கிலேயர் காலம் என்றே போட்டாய். அன்று எல்லோருக்கும் முன்னால் அப்பா உன்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் தள்ளியதில் வாசல் மேல்கல் கீழே விழுந்து, பூச்சு உதிர்ந்தது. உள்ளே எழுத்து இருந்தது. அப்பா மண்ணைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். '1868. உப்பளத்துக் கூலியாட்கள் உபயம்.'

"நம்ம ஆளுங்க கட்டனதா?" என்றார் பக்கத்துப் பாத்தி கன்னியப்பன். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எம் பொண்ணு சரியாத்தான் போட்டிருந்தா. நாமதான் ராஜாவத் தேடிக்கினு இருந்தோம்" என்றார். அதற்குள் சுவரெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. நம்முடையது என்று முன்பே தெரிந்திருந்தால், ஒருவராவது குறுக்கே போய் நின்றிருப்போம். ராஜாவுடையது இல்லை என்றதும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அந்தக் கல்லை மட்டும் கன்னியப்பனும் அப்பாவும் கடப்பாறை போட்டு நெம்பி ஓரமாக வைத்தார்கள். லாரிக்காரன் கேட்டும் கொடுக்கவில்லை.

அப்பா போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போகிறார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயே பேசு" என்கிறார். இன்று காலை கோவிலில் பூசை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைத் தொட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா? எந்தப் பஸ் என்று மட்டும் சொல். நான் வரமாட்டேன், பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பாதான் வருவார். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும், பையை அவர் கையில் கொடு மகளே.

மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
லூர்துமேரி