மாப்பிள்ளை டயர்

இன்று காலை பட்டறைப் பக்கம் போயிருந்தேன். நம் மூன்றாவது லாரியை எஃப்.சி.க்குத் தயார் செய்கிறார்கள். முன் பம்பருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வெயிலில் காயவிட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. புதுப் பெயிண்ட் வாசனை மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டையோ பொங்கலையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது நான் உன் மீது பட்ட கோபத்தின் வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கோபம் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசனை மட்டும் போகவில்லை.

கோயில் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் ஒரே பெஞ்சு நாம். உன் வீட்டில் மாதா படம், என் வீட்டில் முருகன் படம். மற்றபடி இரண்டு வீட்டிலும் அதே கேழ்வரகுக் களி, அதே மழைக்குக் காத்திருக்கும் நிலம். நீ சேலம் போய் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாய். நான் சித்தேரி மலையடியில் புளி வாங்கி விற்க ஆரம்பித்தேன். முதலில் சைக்கிள், அப்புறம் மாட்டு வண்டி, அப்புறம் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு பழைய லாரி. பாப்பிரெட்டிப்பட்டியில் புளியைப் பிடித்து, நல்லம்பள்ளிக் கிடங்கில் சேர்த்து, அங்கிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் மண்டியில் போடுவது தொழில். லாரி என்னுடையது, ஸ்டியரிங் உன்னுடையது. நாலு பேர் முன்னால் என்னை மொதலாளி என்பாய். தனியாக இருக்கும்போது மாப்ள.

அந்த லாரிக்கு முதல் இரண்டு தடவை எஃப்.சி. எடுக்கச் சேலத்துக்குத்தான் போனோம். வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வருஷா வருஷம் வாங்க வேண்டிய அந்த ஒரு காகிதத்துக்காகக் கணவாய் இறங்கி, இரண்டு நாள் வரிசையில் கிடந்து, மறுபடி ஏறி வருவோம். தர்மபுரி தனி மாவட்டமான பிறகு அடுத்த எஃப்.சி.யை எங்கே காட்டுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சேலம்தான் என்றார் ஒருவர். கிருஷ்ணகிரி என்றார் இன்னொருவர். டீக்கடையில் ஒரு லாரிக்காரர், ஃபீஸ் கட்டின சலான் கையில் இருந்தால் போதும், எஃப்.சி. முடிந்தாலும் மூன்று மாதம் ஓட்டலாம், யாரும் கேட்க முடியாது என்றார். எனக்குப் பிடித்த பதில் அது. அதனால் அதையே நம்பினேன்.

நீ நம்பவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றாய். குமாஸ்தா சாப்பிடப் போனார், நின்றாய். வந்து வெற்றிலை போட்டார், நின்றாய். சாயங்காலம் கிடங்குக்கு வந்து விவரத்தைச் சொன்னாய். பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்துக்கு இரண்டு நாள் தர்மபுரிக்கே வருகிறார், ஊர்க்கோடி மைதானத்தில் பார்க்கிறார். காகிதம் முடிவதற்கு முன்பே எழுதிக் கொடுத்து நாள் வாங்கிவிட வேண்டும். முடிந்த பிறகு ஒரு நாள் ஓட்டினாலும் அந்த லாரி ரிஜிஸ்டர் ஆகாத வண்டிக்குச் சமம். பர்மிட்டும் நிற்காது, இன்சூரன்ஸ்காரனும் கைவிரிப்பான்.

"சலான் பணம் கட்டுனதுக்குத்தான் மாப்ள. வண்டி ஓட்டுறதுக்கு இல்ல" என்றாய்.

காகிதம் முடிய நமக்கு நாலு நாள்தான் பாக்கி இருந்தது. மலையிலிருந்து புளி இறங்க ஆரம்பித்த நேரம். முதல் பதினைந்து நாளில் மண்டிக்குப் போகிற புளிக்குத்தான் விலை. அந்த மாதம் அவர் வருகிற கடைசி நாளைத் தவறவிட்டால் அடுத்து இன்ஸ்பெக்டர் வருகிற வரை லாரி மரத்தடியில் நிற்கும், அந்த வருஷ வியாபாரமும் கூடவே நிற்கும். மாட்டு வண்டியிலிருந்து லாரிக்கு வந்தவன் நான். அந்த ஒரு பருவம் போயிருந்தால் திரும்ப மாட்டு வண்டிதான்.

லாரியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, டயரைத் தவிர. அதற்குத்தான் ஊரில் வழி இருந்ததே. பழைய லாரி வைத்திருந்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆறு நல்ல டயர் வாங்கி வைத்திருந்தோம். யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவர் லாரியில் அவை ஏறும். காகிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே கழற்றிச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்துவிடுவோம். கல்யாணத்தன்றைக்கு மட்டும் ஜோராக வருகிறதே என்று அதற்கு மாப்பிள்ளை டயர் என்று பெயர். யாருக்கும் அதில் வெட்கம் இருந்ததாக ஞாபகமில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை. ஒரு செட் டயரில் நாலு எஃப்.சி. எடுப்பது சாமர்த்தியம் என்று நினைத்தேன். யோசனையே என்னுடையதுதான்.

நீ மூன்று தடவை சொன்னாய். முதல் தடவை, முன்பக்கம் இழுக்கிறது என்றாய். இரண்டாவது தடவை, கணவாயில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் வழுக்குகிறது என்றாய். மூன்றாவது தடவை, எனக்கு வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்று மட்டும் சொன்னாய். மூன்றுக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். எஃப்.சி. முடியட்டும், இந்தப் பருவம் முடியட்டும், பார்க்கலாம்.

மைதானத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு வண்டி. நமது ஆறாவது. மஞ்சள் பெயிண்ட், மாப்பிள்ளை டயர், துடைத்த கண்ணாடி. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனுஷர், அதிகம் பேசவில்லை. லைட் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்து உன்னை ஓட்டச் சொல்லிச் சடக்கென்று பிரேக் போட வைத்தார். எல்லாம் பாஸ். பானட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது அவர் பேச்சுக்குக் கேட்பது போல உன்னைக் கேட்டார்.

"என்னப்பா டிரைவர், வண்டி எப்படி?"

"இப்ப நல்லா இருக்குதுங்க சார். சாயங்காலம் டயரக் கழட்டுனதுக்கப்புறம் எப்படி இருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க."

பக்கத்து லாரிக்காரர் இருமினார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், டயரை ஒரு முறை பார்த்தார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ஆறு டயரிலும் பொறித்திருந்த நம்பரைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காகிதத்தின் பின்னால் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். "ரோட்டுல எங்க நிறுத்துனாலும் இந்த நம்பர் இருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஆனால் அது வேறு மூன்று பேருக்கும் பங்குள்ள டயருக்குக் கிடைத்த எஃப்.சி. அவர்களில் அடுத்த முறை எஃப்.சி. காட்ட வேண்டிய அரூர்க்காரர் அன்று சாயங்காலமே வந்து நின்றார். விலைக்குக் கேட்டேன், கொடுக்கவில்லை. "உங்க டிரைவர் வாயால நாம நாலு பேரு மானமும் சந்தி சிரிச்சுப்போச்சு, இதுல டயர் வேற வேணுமா" என்று கேட்டுவிட்டு ஆறையும் கழற்றிக்கொண்டு போனார். நம் பழைய டயர்கள் மறுபடி ஏறின. அவர் போன கையோடு உன்னிடம் வந்து, நாளையிலிருந்து வராதே என்றேன்.

நீ சண்டை போடவில்லை. துண்டால் சாவியைத் துடைத்து நீட்டினாய்.

"இந்தாங்க மொதலாளி. எடது கதவு இழுத்து அடிச்சாத்தான் சாத்தும்."

சுற்றிலும் யாருமில்லை. தனியாக இருக்கும்போது நீ என்னை மொதலாளி என்றது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவரைப் பிடித்து லோடு ஏற்றினேன். இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை இல்லையா, தொப்பூரில் வந்து குனிந்து நம்பர் பார்க்கப் போகிறாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆள் புதிது என்பதால் நானும் கூட ஏறினேன். கணவாய் இறங்குவதற்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தினோம். அவர் டீ குடிக்கவில்லை. நாலு பக்கமும் கற்பூரம் ஏற்றி, முன் சக்கரத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"தெனமும் இவ்ளோ நேரமாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. இந்த டயரப் பாத்தப்புறம்தான். வேற என்னா பண்றது?"

அப்போதுதான் குனிந்தேன். முன் டயரில் உள்ளங்கையை வைத்தேன். ரப்பர் வழவழவென்று போய், ஓரிடத்தில் உள்நூல் விரலுக்குத் தட்டுப்பட்டது. நான் புளி வியாபாரி. ஒரு உருண்டையை எடுத்து அமுக்கினால் போதும், தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்களா, மேலே நல்லதை வைத்து அடியில் கறுப்பை வைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் அந்த வேலை செய்தவன் வாசலில் அப்புறம் நான் கால் வைத்ததில்லை. அந்தக் கையால் என் சொந்த டயரை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. மேலே நல்லதை வைத்து அடியில் கறுப்பை மறைத்து மைதானத்தில் கொண்டு போய் நிறுத்தியவன் நான்தான். அந்தச் சரக்கை மாதக்கணக்கில் கணவாயில் ஓட்டியவன் நீ.

கணவாய் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன். புதிய டிரைவர் திருப்பிய வேகத்தைப் பார்த்தால் கற்பூரத்துக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்திருப்பார். லோடைத் தர்மபுரியிலேயே கேட்ட விலைக்குத் தள்ளினேன். நஷ்டம்தான். மாட்டு வண்டியையும் ஜோடி மாட்டையும் அதற்கு மேல் விற்று ஆறு டயர் வாங்கினேன். புது நம்பரை எழுதி வாங்க நானே ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா சாப்பிடப் போனார், நின்றேன். இன்ஸ்பெக்டர் பழைய நம்பர்களை அடித்துப் புதியதை எழுதிவிட்டு, "அந்த டிரைவர் இருக்காரா?" என்று கேட்டார். இருக்காருங்க என்றேன். அப்போது நீ என்னிடம் இல்லை.

உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். உன் மனைவி எப்போதும் வாங்கண்ணா என்பவள். அன்றைக்கு அண்ணா இல்லை. அவர் வயலில் இருக்கிறாருங்க என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நீ கேழ்வரகுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மண்வெட்டியைப் போட்டாய். வரப்பில் நின்று நான்தான் பேச வேண்டியிருந்தது.

"டயர் போட்டாச்சு."

"யாருது?"

"என்னுது."

"சாயங்காலமும் உன்னுதுதானா?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆமாம் என்றேன். நீ மடையை மாற்றிவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவி, லாரியிடம் வந்தாய். ஆறையும் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாய். கடைசியில் இடது கதவை ஒரு முறை சாத்தினாய். அது சாத்திக்கொள்ளவில்லை.

"இதையும் சரி பண்ணு மாப்ள" என்றாய்.

அவ்வளவுதான் நம் சமாதானம். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் சேலம் போனோம். விலை இறங்கியிருந்தது, ஆனாலும் அந்தப் பருவத்தில் தொழில் கால் ஊன்றிக்கொண்டது. உன் மகள் பிறந்தபோது நீ தொப்பூரில் இருந்தாய். சேதி சொல்ல நான்தான் டீக்கடைக்கு ஆள் அனுப்பினேன்.

ஒரு லாரி இரண்டாகி, இரண்டு மூன்றானது. உன் கல்லறைக்கு மண் போட்ட அன்று பங்குச் சாமியார் என்னையும் ஒரு வார்த்தை பேசச் சொன்னார். நாளெல்லாம் விலை பேசும் வாய் இது. நல்ல டிரைவர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமல் எங்கள் எல்லாரையும் காட்டிக் கொடுத்தாயே, அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது என் லாரிக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எஃப்.சி.க்கு நாள் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் டிரைவர் தனியாக மெக்கானிக்கிடம் போய் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் இருக்க மாட்டேன். அவர் சொன்னதைச் செய்துவிட்டு மெக்கானிக் என்னிடம் வருவார். இதில் என்னை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் நல்ல பேட்டரியைக் கெட்டது என்று சொல்லி மாற்றிவிட்டு, பழையதைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். எனக்குத் தெரியும். ஒரு தடவை விட்டுவிடுவேன். இரண்டாவது தடவையும் விட்டால் நான் வியாபாரி இல்லை.

சில சமயம் ஒன்று யோசிப்பேன். அன்று மைதானத்தில் அப்படிச் சொல்லாமல், அதற்கு முந்தின நாள் நாலாவது தடவையாக என்னிடமே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? எந்தப் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் பதில் ஒன்றுதான். கேட்டிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருந்தது. என்னை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தும் கூடவே வண்டி ஏறியவன் நீ ஒருவன்தான், மாப்ள.