அறுபது தடவை ‘மாட்டேன்’

லட்லோ
9 ஜூலை 1868

அன்பு மருமகள் ஹெஸ்டருக்கு,

இந்த மாவட்டத்தின், ஏன், இங்கிலாந்து முழுமைக்குமே தலைசிறந்த முட்டாளான உன் மாமன் பெரெக்ரின் எழுதிக்கொள்வது. நீயும் உன் கணவர் சைலஸும் குழந்தையும் சுகமா? உனக்கு ஒரு குழந்தை இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். தெரிந்த விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடிகாரம் பழுதுபார்ப்பவனைக் கட்டிக்கொண்டாய் என்று உன்னை வீட்டை விட்டு வெளியே அனுப்பிய என் அக்கா, அதாவது உன் அம்மா, போன செப்டம்பரில் நீ எழுதிய கடிதத்தைப் பதினாயிரம் தடவையாவது படித்திருப்பாள். ஏப்ரலில் வருவேன், கதவைத் தட்டமாட்டேன், வாசல் பாத்தியில் இருக்கும் பூ உங்கள் பதிலைச் சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். வாயால் மன்னிப்புக் கேட்பதைவிட தேம்ஸ் நதியைக் குடித்துத் தீர்ப்பது என் அக்காவுக்குச் சுலபம். ஆனால் நீயும் அவளும் எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று சொல்லும் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் ஆயிற்றே. அக்டோபர் குளிரில் மண்டியிட்டு, ஊதா ஹயசிந்த் கிழங்குகளை அவளே நட்டாள். ‘என்னை மன்னித்துவிடு’ என்று அந்தப் பூவுக்குப் பொருளாம். ஒரு கிழங்கைக்கூட என்னைத் தொடவிடவில்லை.

ஏப்ரலில் பூத்தன. அந்த வாசனையில் தெருக்குதிரைகள் எல்லாம் தும்மின. மூன்று வாரம் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. நீ வரவில்லை. பூ வாடியது, இலையும் பழுத்து விழுந்தது.

இனி என் வீரப் பிரதாபம். மொட்டைப் பாத்தியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. மே மாதச் சந்தையில் கோடு போட்ட கார்னேஷன் செடி விற்றார்கள். கோமாளியின் கால்சட்டை மாதிரி அத்தனை ஜோர். அறுபது வாங்கி நட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அக்கா அதற்குள் நெஞ்சுச் சளியோடு பின்னறையில் படுத்துவிட்டாள். அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

நேற்று பியர்க் கடையில் வண்டிக்காரர் ஜூக்ஸ் சொன்னார். போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண்ணையும் கைக்குழந்தையையும் ஏற்றி வந்தாராம். குழந்தைக்குத் தட்டம்மை கண்டதால் ஏப்ரலில் வர முடியவில்லை என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

“உங்க வாசல்ல நிறுத்தச் சொன்னாங்க. பூவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் வண்டியத் திருப்புங்கன்னாங்க. என்னம்மா, பூ கடிச்சிருச்சான்னு கேட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் அழுதுக்கிட்டேதான் வந்தாங்க.”

ஓடிவந்து புத்தகத்தைத் திறந்தேன். கோடு போட்ட கார்னேஷன்: ‘உன்னை ஏற்க மாட்டேன்.’ ஹெஸ்டர், அம்மா சொல்லாத அந்தச் சொல்லை உன் முகத்தில் அறுபது தடவை சொன்னவன் நான்.

ஜன்னலருகே தான் கண்ணயர்ந்த நேரத்தில் நீ ஏப்ரலிலேயே வந்து பார்த்துவிட்டு, மனம் ஆறாமல் திரும்பிவிட்டாய் என்றுதான் அக்கா இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அவள் மருந்தை மறுத்ததும் அதனால்தான். இன்று காலை கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கையில் கிடைத்ததை என்மேல் வீசுவாள் என்று காத்திருந்தேன். வீசவில்லை. திட்டவும் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அக்கா என்னைத் திட்டாமல் விட்டது இன்றுதான். அதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். இந்த இடத்தில் மிகைப்படுத்த எனக்குத் தெரியவில்லை, மருமகளே.

கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த ரயிலில் ஏறு. வண்டியோடு ஜூக்ஸ் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனில் நிற்பார். சைலஸையும் அழைத்து வா. அவர் காலில் விழவும் நான் தயார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வா. ஆனால் வா.

நான் எழுத உட்கார்ந்தபோது அக்கா கையசைத்துக் கூப்பிட்டாள். காதை வாயருகே வைத்துத்தான் கேட்க முடிந்தது.

“டேய், குழந்தைக்கு என்ன பேருன்னு கேட்டு எழுதுடா.”

கடவுள் உன் ரயிலுக்கு வேகம் கொடுக்கட்டும். அந்தப் பெயரைத் தபாலில் எழுதி அனுப்பிவிடாதே, கண்ணு. நீயே வந்து அவள் காதில் சொல்.

உன் மாமன்,
பெரெக்ரின்