செவலையின் மூன்று உதை

1964 ஆகஸ்ட் 9, ஞாயிறு, விடிகாலை நாலரை மணி. மூன்று உதை. முதலாவது வாளிக்கு, இரண்டாவது என் தொடைக்கு, மூன்றாவது சுவருக்கு. தலையை இழுத்துக்கொண்டேன், அதனால்தான் சுவருக்கு.

அத்தான், உதைத்தது உங்கள் செவலைதான். தாராவிக் கொட்டகையில் மற்ற மாடெல்லாம் கொட்டகைக்கார அண்ணாச்சியுடையவை. மூலையில் நிற்கும் இது ஒன்றுதான் நம்முடையது. நீங்கள் போனபின் கறக்க யாரும் கிட்டே வரவில்லை. செம்பூரில் லேத் ஓட்டும் என் கைக்குக் காம்பு பிடிபடவில்லை. மடி கல்லாகிக் கிடக்கிறது. வலியில் கத்துகிறது, கிட்டே போனால் கொல்லப் பார்க்கிறது.

பத்து மணிக்குக் கசாப்புக்காரன் வருகிறான். அக்காதான் சொல்லியனுப்பியிருக்கிறாள். "எம் புருசனக் கொன்ன மாடு நிக்கப்படாதுலே. வெட்டட்டும், நான் நின்னு பாக்கணும்" என்றாள். அதற்குமுன் மடியையாவது இறக்கிவிடலாம் என்று நான் வாளியோடு வந்தேன்.

மழைக் காலைகளில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு இதை மாட்டுங்காவுக்கு ஓட்டிப்போவீர்கள். லீவு நாளில் நானும் வருவேன். வீட்டு வாசலில், பால் வாங்கும் மாமியின் கண்ணெதிரே கறக்க வேண்டும். வாளியைக் கவிழ்த்துக் காட்டினால்தான் உட்காரவே விடுவாள்.

"ஜலம் கலக்கலியோன்னோ?"

"மழ பெய்யுது மாமி, மேல இருக்கவன்கிட்ட கேளுங்க."

மாமி சிரிக்கமாட்டாள். நீங்கள் பின்னங்காலைக் கட்டாமல், நெற்றியை அதன் விலாவில் அழுத்திக்கொண்டு பீச்சுவீர்கள். "கட்டுங்க அத்தான், ஒரு உதைக்கு உங்க நெஞ்செலும்பு தாங்காது" என்றேன் ஒருநாள். "ஏ டிப்ளமா, ஒங்கக்காவுந்தான் உதைப்பா. அவளக் கட்டியா போட்டிருக்கேன்?" என்றீர்கள். மாமி அன்றைக்குச் சிரித்துவிட்டாள்.

கன்று செத்தபிறகும் உங்கள் கைக்குப் பால் இறக்கியது. பிறகு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தீர்கள். அண்ணாச்சி கறந்து ஊற்றினார். எழுந்து வந்த முதல் காலையே பழையபடி நெற்றியைக் கொடுத்து உட்கார்ந்தீர்கள். ஒரே உதை. நெஞ்செலும்பு முறிந்த சத்தம் கொட்டகை வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. உங்கள் வாயிலிருந்து வந்த ரத்தம் சிந்திய பாலில் கலந்து ஓடியது. நான் தடியை ஓங்கினேன். "அடிக்காதலே. என்னமோ பயந்திருக்கு" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் பேசவில்லை.

'என்னமோ' என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் இன்று ஒருவன் கையை வாங்கினால், இடையில் தொட்டவன் யார் என்று கேட்பேன். இதை இங்கே கேட்க எனக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சியே வந்து சொன்னார்.

மூன்றாவது உதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மூங்கில் குழாயோடு வந்தார். "தள்ளுலே, படிச்ச பயலே. பின்னால இதச் செருகி ஊதுனா மடி தன்னால எறங்கும். ஒங்கத்தான் படுத்திருந்த வாரம்பூரா அப்பிடித்தான கறந்தேன்."

பூக்கா என்பார்கள். மாட்டின் கருவாயில் குழாயைச் செருகி ஊதிப் பாலை இறக்கவைப்பது, பம்பாய்த் தொழுவங்களில் நடக்கும் அதே வேலை. அவர் வாலைப் பிடித்ததுமே செவலை நடுங்கி மூத்திரம் விட்டது. அவர் கழுத்தைச் சுவரோடு வைத்து அமுக்கினேன். கண் பிதுங்க, "எல்லாரும் செய்யுறதுதானலே" என்றார். விட்டுவிட்டு வாலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கிழிந்து, சீழ் கட்டி, ஈ மொய்த்துக் கிடக்கிறது அத்தான்.

'அடிக்காதலே.' உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சொல். மாட்டு விஷயத்தில் கேட்பேன். மனுஷன் விஷயத்தில் வாக்குக் கொடுக்க முடியாது.

இனி செய்யப்போவது:

1. குழாயை அண்ணாச்சி முன்னாலேயே மிதித்துப் பிளப்பேன். குறுக்கே நீட்டினால் அவர் கையும் சேர்ந்து போகும்.

2. செவலையின் காலைக் கட்டி, வலி குறையும் மட்டும் கறப்பேன். உங்கள் நம்பிக்கை எனக்கு இல்லை.

3. கசாப்புக்காரன் வந்தால் திருப்பி அனுப்பமாட்டேன். கத்தியோடு வாசலில் நிற்கட்டும்.

4. அக்காவை அழைத்துவந்து, வாலைத் தூக்கிக் காட்டுவேன். யாரை வெட்டுவது என்று அவள் சொல்லட்டும்.