அஸர் பாங்குக்குப் பிறகு இறங்கிய சுருதி

எந்தப் பாட்டையும் உயரத்திலேயே தொடங்கும் என் ராத்தாவுக்கு,

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. உன் வீட்டு முன் கதவை மாற்றிவிட்டார்கள். கடற்காற்று தின்ற கதவு இனித் தாங்காது என்று மச்சான் சொன்னார். உம்மா பின்னறையில்தான் இருக்கிறார். பார்வை நன்றாகக் குறைந்துவிட்டது, காது மட்டும் எதையும் விடுவதில்லை.

உன் மகள் நஸ்ரின் உன் பாட்டைப் பாடினாள். சவூதியில் இருந்த மாமிக்கு நாம் கசெட்டில் கதைத்து அனுப்புவோமே, அப்படி ஒன்றின் கடைசியில் நீ பாடிய அந்த வானொலிப் பாட்டு. மாமி ஊர் திரும்பியபோது கசெட்டும் கூடவே வந்தது. இப்போது அது நம் குடும்பத்துப் பெண்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

பெரியும்மாவின் பேத்திக்கு மருதோன்றி வைத்த பின்னேரம், பெண்கள் மட்டும் கூடியிருந்த அறையில் நஸ்ரின் பாடினாள். முடிந்ததும் மாமி அழுதே விட்டார்.

“அல்லாஹ்வே, அவ எழும்பி வந்த மாதிரியே இருக்கு!”

“கண்ண மூடினா அவதான்,” என்றார் பெரியும்மா. “அந்த ரெண்டாம் பாதி இருக்கே, நெஞ்சப் புழியுது கிளி.”

நான் காலிக் கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கினேன். நஸ்ரின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “சாச்சிக்கிட்ட கேக்காதீங்க. வானத்துல இருந்து மலக்கு இறங்கி வந்து பாடினாலும் ஒரு குறை கண்டுபுடிப்பா.”

குறை இருந்தது, ராத்தா. சபையில் சொல்ல முடியாத குறை.

வானொலியில் அந்தப் பாட்டைப் பாடியவர், பிரிந்து போகிறவளை வயலின்களோடு பக்குவமாக வழியனுப்பினார். நீ வாத்தியம் எதுவும் இல்லாமல், போகிற ஆளின் கையைப் பிடித்து இழுப்பதுபோல் பாடினாய். மெட்டும் சொல்லும் அவருடையவைதான். ஆனால் அந்தப் பாட்டால் உனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடி அது நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரல் ஒத்துப்போவது இரண்டாம் பட்சம்.

நஸ்ரினுக்குக் குரல் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. நீ மூச்சு வாங்கிய இடங்களில் மூச்சு வாங்கினாள். ஓரிடத்தில் நீ தொண்டையைச் செருமியதையும் விடவில்லை. பாட்டின் நடுவே நீ சுருதி இறங்கிய இடத்தில் அவளும் படியில் கால் வைத்தவள்போல் சரியாக இறங்கினாள். ஏன் இறங்குகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் போனபிறகு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள். “சாச்சி, உம்மா ஏன் அந்த இடத்துல சுதியக் குறைச்சா? எத்தின தரம் போட்டுப் பார்த்தும் எனக்கு விளங்கல்ல.”

முப்பது வருடமாக நான் பயந்திருந்த கேள்வி அது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நீ என்னைவிட ஒரு வயது மூத்தவள். பரீட்சையை நீ இரண்டாம் தடவை எழுதியும் நான் முதல் தடவை எழுதியும் இருவருக்கும் ஒரே வருடம் பல்கலைக்கழகம் கிடைத்தது. யுத்தத்தில் பாதை திறந்தும் மூடியும் கிடந்த காலம். இரண்டு பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வாப்பாவுக்குத் துணிவில்லை; ஒருத்தியை என்றால் பார்க்கலாம் என்றார். அந்த நேரத்தில்தான் உனக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள்.

இதையெல்லாம் மகளிடம் நேரில் கேட்கிற ஆளில்லை வாப்பா. இறக்காமத்து வயலுக்குப் புறப்பட்டு நின்றவர் என்னைக் கூப்பிட்டார். “ராத்தாட்டக் கேட்டுட்டு வா புள்ள. சம்மதமா எண்டு.”

உன் அறை வாசல்வரை வந்தேன். நீ கட்டிலில் குப்புறப் படுத்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாய். வாளி, டோர்ச், இரண்டு படுக்கை விரிப்பு. விடுதிக்குக் கொண்டுபோக. நீ என்னைப் பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பிப் போய், “அவ ஒண்டும் சொல்லல்ல வாப்பா” என்றேன்.

குமர்ப்பிள்ளையின் மௌனம் சம்மதம் என்பது வாப்பா நம்பிய மார்க்கம். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி சைக்கிளில் ஏறினார்.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்குள்ளேயே பல வருடம் வாதாடினேன். கேட்கப்படாதவள் என்ன சொல்வாள்?

அன்று பின்னேரம்தான் மாமிக்குக் கசெட் நிரப்பினோம். நீ பாட்டின் பாதியில் இருந்தபோது பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. நீ கையைக் காட்ட, நான் ரெக்கோடரை நிறுத்தினேன். பாங்கு முடியும்வரை பொறுத்திருந்தேன். எப்படியும் உனக்குத் தெரியவரும், என் வாயாலேயே வரட்டும் என்று நினைத்தேன்.

“ராத்தா, வாப்பா அந்த மாப்பிள்ளைக்கு ஓம் எண்டுட்டார்.”

“என்னட்ட ஆரும் கேக்கல்லியே.”

நான் ரெக்கோடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, “சரி, அமத்து” என்றாய். நான் பதிவு பட்டனை மறுபடி அழுத்தினேன். மீதியை நீ கீழ்ச் சுருதியில், யாரையும் பிடித்து இழுக்காமல் பாடி முடித்தாய். அதைத்தான் எல்லோரும் நெஞ்சைப் பிழிகிறது என்கிறார்கள்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நஸ்ரின் குழாயை மூடினாள். “அப்ப நீங்க உம்மாட்டக் கேக்கவே இல்ல.”

“இல்ல.”

“உம்மாக்கு அது தெரியுமா?”

“தெரியாம இருந்திருக்காது மகள்.”

“நீங்க படிச்சதெல்லாம் உம்மாட படிப்பு சாச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோப்பைகள் பாதியில் கிடந்தன.

உனக்குத் தெரியுமா, ராத்தா? என் பட்டமளிப்புக்குச் சாரி எடுத்துத் தந்தவள் நீ. கைக்குழந்தையோடு பஸ்ஸேறி வந்து, மடிப்பு சரியில்லை என்று என்னை ஏசி ஏசிக் கட்டிவிட்டாய். அந்த நேரமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டால் நான் தாங்கமாட்டேன் என்றா விட்டாய்?

மூன்று கிழமை நஸ்ரின் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. ஸலாம் இல்லை, ஒரு சொல்லும் இல்லை, பாட்டு மட்டும். உன் மூச்சும் உன் செருமலும் அதில் இல்லை. நடுவில் அவள் நிற்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டாம் பாதியையும் அதே உயரத்தில் பிடித்து, போகிற கையை விடாமல் இழுத்துக்கொண்டே பாடினாள். கடைசி வரியில் குரல் எட்டாமல் உடைந்தது. உடைந்தும் அவள் இறங்கவில்லை.

மாமிக்கும் அனுப்பியிருக்கிறாள். “முந்திப் பாடினதுதான் நல்லம். இதுல அவட ஒண்டுமே இல்ல, கடைசியக் கெடுத்துப் போட்டாள்” என்றார் மாமி. நான் மறுக்கவில்லை. நான் வாசலில் நின்று ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நீ பாடியிருக்கக்கூடிய பாதி அது. உன் பாட்டை இதைவிட நன்றாக இனி ஒருவரும் பாடப்போவதில்லை. முழுவதும் கேட்டு முடிக்க எனக்கு நான்கு நாள் சென்றது.

அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

உம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்வார்: “மூத்தவளுக்குப் படிப்புல ஆசையில்ல. வாயத் தொறக்காம சம்மதிச்சவ.” அதைக் கேட்டுக்கொண்டு அதே அறையில் எத்தனை வருடம் இருந்திருக்கிறேன்!

வருகிற வெள்ளிக்கிழமை உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகுதான் இதை எல்லோரும் வாசிக்கப் பத்திரிகைக்குக் கொடுப்பேன். அவர் என்னை ஏசுவாரா, அழுவாரா, எனக்குத் தெரியாது. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், அந்த மௌனத்துக்கு நானாக ஒரு பொருள் வைத்து எழும்பி வரமாட்டேன். அவர் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னிடம் கேட்காமலே உன் பதிலைக் கொண்டுபோன
உன் தங்கச்சி